பிழைகள் சுவரில் ஏறட்டும்

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் வீட்டைச் சுத்தம் செய்தபோது, காலணி அலமாரிக்குப் பின்னால் ஒரு பயிற்சிப் புத்தகம் கிடைத்தது. அப்போது இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகளின் சொல்வதெழுதுதல் புத்தகம் அது. திறந்து பார்த்தேன். பத்துக்கு மூன்று. பத்துக்கு இரண்டு. பத்துக்கு நான்கு. எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மை.

மகளைக் கூப்பிட்டு, "ஏம்மா இதை ஒளிச்சு வெச்ச?" என்று கேட்டேன்.

"அம்மா பார்த்தா வருத்தப்படுவாங்க."

"என்கிட்ட காட்டியிருக்கலாமே?"

"உங்களுக்குத்தான் தமிழ் எழுதத் தெரியாதேப்பா."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். தோட்டத்தை விட்டு எங்கள் குடும்பம் தாமானுக்குக் குடிவந்தபோது பக்கத்தில் இருந்தது தேசியப் பள்ளிதான். அங்குதான் படித்தேன். தமிழ் நன்றாகப் பேசுவேன். கடைப் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். அந்தப் புத்தகத்தில் ஆசிரியை வட்டமிட்டிருந்த சொற்களில் பாதியில் என்ன பிழை என்றே எனக்குத் தெரியவில்லை. 'நான் பல்லிக்குச் சென்றேன்' என்று எழுதியிருந்தாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

என்னைப் போன்ற பெற்றோர் இந்நாட்டில் ஏராளம். நாங்கள் தமிழ் பேசுகிறோம், தமிழ்ப்படம் பார்க்கிறோம், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிறோம். தமிழில் வீட்டுப்பாடம் என்று வந்ததும் "டீச்சர்கிட்ட கேளு" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். வசதி இருந்தால் பிரத்தியேக வகுப்பில் சேர்த்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். பிள்ளையோ புத்தகத்தை ஒளிக்கத் தொடங்குகிறது. இன்று புத்தகத்தை ஒளிக்கும் பிள்ளை நாளை தமிழ் வாசிப்பையே தவிர்க்கும்.

அந்த விடுமுறையில்தான் எங்கள் வீட்டில் சொற்சுவர் தொடங்கியது. ஓராண்டுக்கும் மேலாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அனுபவத்தில் எனக்குத் தோன்றும் கருத்து ஒன்றுதான்: சொற்சுவரைக் கடையில் வாங்காதீர்கள். பிள்ளை செய்யும் பிழைகளிலிருந்து அதைக் கட்டுங்கள்.

முதல் சுவர் ஏன் தோற்றது?

சொற்சுவர் என்பது புதிதல்ல. பிள்ளை கற்க வேண்டிய சொற்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, கண்ணில் படும்படி சுவரில் ஒட்டுவது. ஆங்கில வகுப்பறைகளில் இதைப் பரவலாக்கியவர்களுள் ஒருவர் அமெரிக்க வாசிப்புக் கல்வியாளர் பெட்ரீசியா கனிங்ஹாம். சுவரில் சொற்கள் இருந்தால் மட்டும் போதாது, அவற்றோடு தினமும் வேலை செய்ய வேண்டும் என்பதே அவர் வலியுறுத்தியது. வாரத்துக்கு ஐந்து சொற்கள் என்ற அளவும் அவர் முறையில் உள்ளதுதான்.

நான் இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே அவசரப்பட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் 247 எழுத்துகளும் அடங்கிய அட்டவணை, பழங்கள், விலங்குகள், வாகனங்கள் என்று ஆளுக்கொரு படத்தாள் வாங்கினேன். இணையத்திலிருந்து ஆங்கிலச் சொற்கள் நூறை அச்சடித்தேன். மாலைக்குள் வரவேற்பறைச் சுவர் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். மகள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து அது அவளுக்குச் சுவர்ச் சாயம் போல ஆகிவிட்டது. அடுத்த சொல்வதெழுதுதலில் பத்துக்கு மூன்று.

தவறு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. முதலாவது, அந்தச் சுவர் என்னுடையது, அவளுடையது அல்ல. அதில் ஒரு சொல்லைக்கூட அவள் எழுதவில்லை. இரண்டாவது, ஆங்கிலத்துக்குப் பொருந்தும் சுவரை அப்படியே தமிழுக்கு ஒட்டினேன்.

ஆங்கிலத்தில் 'தி', 'வாஸ்', 'செட்' போன்ற சொற்களை எழுத்துகளின் ஓசையைக் கூட்டிப் படிக்க முடியாது. முழுச் சொல்லாகவே கண்ணில் பதிய வேண்டும். எட்வர்ட் டால்ச் 1936இல் வெளியிட்ட 220 சொற்கள் கொண்ட பட்டியல் இன்றும் சுவர்களில் ஒட்டப்படுவதற்குக் காரணம் அதுதான். தமிழ் அப்படியல்ல. எழுத்துகள் தெரிந்துவிட்டால் பெரும்பாலான சொற்களைக் கூட்டிப் படித்துவிடலாம். நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது எழுதும்போதுதான். அதுவும் குறிப்பிட்ட சில இடங்களில்தான். அந்த இடங்களை விட்டுவிட்டு 'யானை', 'ஆப்பிள்' என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களால் சுவரை நிரப்பியிருந்தேன்.

பிழை யாருடையது?

எல்லாவற்றையும் கழற்றினேன். ஒளித்து வைத்த அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மனைவி தமிழ்ப்பள்ளியில் படித்தவர். படிவம் ஐந்து வரை தமிழ் எடுத்தவர். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்பதால் மாலையில் பல நாள் வீட்டில் இருக்க மாட்டார். அன்று இருந்தார்.

வட்டமிட்ட சொற்களை மகளையே உரக்கப் படிக்கச் சொன்னார். 'வாளைப்பளம்' என்று எழுதியிருந்ததை அவள் 'வாளைப்பளம்' என்றே படித்தாள். "அப்பா, நீங்க சொல்லுங்க," என்றார் மனைவி. நானும் 'வாளப்பளம்' என்றேன். மனைவி சிரித்துவிட்டார். பிள்ளை காதில் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறாள். பிழை அவள் கையில் இல்லை, என் நாக்கில் இருந்தது.

இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோர் உணர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிள்ளை எழுத்துப் பிழை செய்தால் 'கவனமில்லை', 'சோம்பேறி' என்கிறோம். பல பிழைகள் கவனக்குறைவால் வருவதில்லை. வீட்டில் எப்படிப் பேசுகிறோமோ அப்படியே அது தாளில் வந்து நிற்கிறது.

அன்று மனைவி எனக்கும் சேர்த்தே பாடம் நடத்தினார். 'ல' சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். 'ள' சொல்லும்போது நாக்கு மேல்நோக்கி மடிந்து அண்ணத்தைத் தொடும். 'ழ' சொல்லும்போது நாக்கு மடியும், ஆனால் எங்கும் தொடாது. கண்ணாடி முன் நின்று மூவரும் சொல்லிப் பார்த்தோம். மகளுக்கு என்னைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. அப்பாவைத் திருத்தும் வேலை கிடைத்ததில் அவளுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

மூன்று கட்டங்கள்

புதிய சுவருக்கு அவள் படுக்கையறை அலமாரிக் கதவைத் தேர்ந்தெடுத்தோம். வாடகை வீடு, சுவரில் சாயம் உரிந்தால் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். கதவு, குளிர்பதனப் பெட்டி, பழைய அட்டைப் பெட்டியின் பக்கம் எதுவானாலும் போதும். அது பிள்ளையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். மணிலா அட்டை, மார்க்கர் பேனா, ஒட்டும் பசை தவிர வேறு செலவில்லை.

பிழைகளைப் பார்த்தபோது அவை மூன்று வகையாகப் பிரிந்தன. ஆகவே கதவையும் மூன்று கட்டமாகப் பிரித்தோம்.

முதல் கட்டம், காதால் பிடிக்கக்கூடியவை. குறில் நெடில் வேறுபாடு இதில் வரும். கல், கால், படம், பாடம், எடு, ஏடு, கொடு, கோடு. மெய்யெழுத்து இரட்டிப்பதும் இதில்தான். பாடு, பாட்டு; காடு, காட்டு. இவற்றைச் சொல்லும்போது மேசையில் தட்டச் சொல்வோம். நெடிலுக்குக் கையை நீட்டி இழுக்க வேண்டும். புள்ளி எழுத்து வந்தால் ஒரு நொடி நிறுத்தித் தட்ட வேண்டும். ல, ள, ழ மூன்றும் இந்தக் கட்டத்துக்கே உரியவை, வீட்டில் சரியாக உச்சரித்தால்.

இரண்டாம் கட்டம், இடத்தைப் பார்த்துப் பிடிக்கக்கூடியவை. எந்த 'ந', எந்த 'ன', எந்த 'ண' என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். சொல்லின் தொடக்கத்தில் வருவது 'ந'. 'ன', 'ண' இரண்டும் தமிழ்ச் சொல்லைத் தொடங்குவதில்லை. சொல்லின் நடுவில் பக்கத்து எழுத்தைப் பார்த்தால் போதும். 'ட'வுக்கு முன்னால் வருவது 'ண்': வண்டி, நண்டு. 'ற'வுக்கு முன்னால் 'ன்': கன்று, நன்றி. 'த'வுக்கு முன்னால் 'ந்': பந்து, சொந்தம். பள்ளியில் இன எழுத்து என்று படிப்பது இதைத்தான். மகள் இதற்கு 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று பெயர் வைத்தாள். ட வீட்டுப் பக்கத்தில் ண் குடியிருக்கிறது.

இதே கட்டத்தில் இன்னோர் அட்டை உண்டு. என் மகள் 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'காட்ச்சி' என்று எழுதிக்கொண்டிருந்தாள். பெரியவர்களே செய்யும் பிழை இது. விழா அழைப்பிதழ்களில் அடிக்கடி காணலாம். 'ற்', 'ட்' என்ற இரண்டுக்கும் பிறகு இன்னொரு வல்லின மெய் புள்ளியோடு வராது. முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி, கற்பனை. இந்த ஓர் அட்டை எத்தனையோ பிழைகளை நிறுத்திவிட்டது. எனக்கும் சேர்த்து.

மூன்றாம் கட்டம், கண்ணால் மட்டுமே பிடிக்கக்கூடியவை. ர, ற வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பாலும் கேட்பதில்லை. அரை, அறை, கரி, கறி, இரை, இறை. மணம், மனம், பணி, பனி ஆகியவையும் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒன்றாகத்தான் கேட்கின்றன. இவற்றுக்குப் படமும் கதையும்தான் துணை. 'கறி' என்ற அட்டையில் குழம்புச் சட்டி வரைந்தாள். 'கரி' என்ற அட்டையில் சத்தே சுடும் அடுப்பு. ஆங்கிலச் சொற்சுவரின் முறை தமிழுக்குப் பொருந்துவது இந்தக் கட்டத்தில்தான்.

ஒரு தமிழ்ப் பிள்ளை எழுத்துப் பிழை செய்யும்போது, இது காதின் பிழையா, இடத்தின் பிழையா, கண்ணின் பிழையா என்று கேட்டுப் பாருங்கள். மருந்து தானாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக 'ஐந்து முறை எழுது' என்று சொல்வதால்தான் பிள்ளைகள் சலித்துப் போகிறார்கள். பத்துச் சொல் தவறினால் ஐம்பது முறை எழுத வேண்டும். மூன்றாவது முறை எழுதும்போதே மனம் வேறெங்கோ போய்விடும்.

நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள்

வாரம் ஐந்து சொற்கள், அதற்கு மேல் இல்லை. அட்டையை எழுதுவது மகள். எந்த இடத்தில் தவறினாளோ அந்த எழுத்தை மட்டும் வேறு நிறத்தில் எழுத வேண்டும். சரியான வடிவம் மட்டுமே கதவில் ஏறும். தவறாக எழுதிக் குறுக்குக் கோடு போட்டு ஒட்டுவது கூடாது. கண் அந்தத் தவறையே பிடித்துக்கொள்ளும்.

குழப்பும் இரண்டு சொற்களை ஒரே நாளில் ஒட்டுவதில்லை. 'பள்ளி' முதலில். அது நன்றாகப் படிந்து இரண்டு வாரம் ஆன பிறகு 'பல்லி'. இரண்டையும் ஒன்றாகக் காட்டினால், எது எதற்கு என்ற குழப்பத்தையே கற்றுக்கொடுத்தவர்களாகிறோம். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

தினமும் ஐந்து நிமிடம் விளையாட்டு. "மூன்று எழுத்து, நடுவில் புள்ளி, கடலில் இருக்கும், பக்கவாட்டில் நடக்கும்" என்று நான் துப்புக் கொடுப்பேன். அவள் கதவிலிருந்து 'நண்டு' அட்டையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். மறுநாள் அவள் துப்புக் கொடுப்பாள், நான் கண்டுபிடிப்பேன். இன்னொரு நாள் ஓர் அட்டையை ஒளித்துவைத்து எது காணாமல் போனது என்று கேட்போம். காணாமல் போனதைத் தாளில் எழுத வேண்டும்.

ஒரு சொல்லை வெவ்வேறு நாள்களில் மூன்று முறை சொந்த வாக்கியத்தில் சரியாக எழுதிவிட்டால் அந்த அட்டை கதவிலிருந்து இறங்கிப் பழைய மைலோ டின்னுக்குப் போகும். இதனால் கதவில் ஒரு நேரத்தில் இருபது, இருபத்தைந்து அட்டைக்கு மேல் இருப்பதில்லை. நிறைந்த சுவரை யாரும் பார்ப்பதில்லை என்பதை முதல் சுவர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. டின் நிறைய நிறைய அவளுக்குத் தெம்பு. "அப்பா, நான் எவ்வளவு பிழை செஞ்சு முடிச்சிட்டேன் பாருங்க," என்று ஒருநாள் டின்னை ஆட்டிக் காட்டினாள். பிழையை ஒளித்தவள், முடித்த பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்று மொழிகள், மூன்று நிறங்கள்

நம் பிள்ளைகள் ஏழு வயதில் மூன்று மொழிகளை எழுதத் தொடங்குகிறார்கள். இது பெருமைதான். ஆனால் மூன்றுக்கும் எழுத்தொலி முறை வேறு என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மலாயில் பஸ் என்பதை 'பி, ஏ, எஸ்' என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் 'பி, யு, எஸ்'. மலாயில் 'சி' என்ற எழுத்து எப்போதும் 'ச்' ஓசைதான், 'சாவான்' என்ற சொல்லில் வருவது போல. அதே எழுத்து ஆங்கிலத்தில் 'கேட்' என்ற சொல்லில் 'க்' ஆகிவிடுகிறது. மலாயைச் சீராகப் படித்துப் பழகிய பிள்ளை ஆங்கிலப் பூனையைச் 'சட்' என்று படித்தால் அதில் முட்டாள்தனம் ஒன்றுமில்லை. ஒரு மொழியின் விதியை இன்னொரு மொழியில் நேர்மையாகப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான்.

தமிழில் சிக்கல் வேறு மாதிரி. 'ப' என்ற ஒரே எழுத்து 'பந்து' என்ற சொல்லில் ஓர் ஓசை, 'பம்பரம்' என்ற சொல்லின் நடுவில் மெலிந்த ஓசை, 'அப்பா'வில் அழுத்தமான ஓசை. க, ச, ட, த எல்லாமே இப்படித்தான் இடத்துக்கேற்ப மாறும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இது தானாக வந்துவிடும். வீட்டில் ஆங்கிலமோ மலாயோ பேசும் பிள்ளைக்கு வராது; அந்தப் பிள்ளை 'தங்கம்' என்பதை எழுத்துக்கு எழுத்து அழுத்திப் படித்துவிட்டு என்ன பொருள் என்று விழிக்கும். அப்படிப்பட்ட வீட்டில் முதலில் பேச்சு வர வேண்டும், பிறகுதான் சுவர்.

இன்னொன்று, 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிரின் குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது; ஓசையோ பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ரோமன் எழுத்தை இடமிருந்து வலமாக ஓசை கூட்டிப் பழகிய பிள்ளைக்கு இது விசித்திரமாக இருக்கும். என் மகள் 'கொடி' என்று எழுதும்போது காலை விட்டுவிட்டுக் 'கெடி' என்று எழுதுவாள். குறிகளைத் தனித்தனித் துண்டு அட்டைகளாக வெட்டி, 'க'வின் இரு பக்கமும் நகர்த்தி வைத்து விளையாடியபோதுதான் அது நின்றது.

ஆகவே எங்கள் வீட்டில் தமிழுக்கு மஞ்சள் அட்டை, மலாய்க்குப் பச்சை, ஆங்கிலத்துக்கு நீலம். மலாயும் ஆங்கிலமும் ஒரே எழுத்தைப் பயன்படுத்துவதால் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆங்கிலம் சமையலறையிலும் மலாய் அறைக் கதவின் பின்புறமும் இருக்கின்றன. இடமும் நிறமும் மாறினால், 'இப்போது எந்த மொழியின் விதி' என்று பிள்ளையின் மனமும் மாறிக்கொள்கிறது.

பாட்டியின் தும்பிக்கை

எதிர்பாராத ஒரு பலனையும் சொல்ல வேண்டும். என் அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஒருமுறை வீட்டுக்கு வந்தவர் கதவைப் பார்த்துவிட்டுத் தானும் ஓர் அட்டை எழுதுவதாகச் சொன்னார். 'யானை' என்று எழுதினார். மகள் திகைத்துப் போனாள். 'னை' என்ற எழுத்தில் பாட்டி யானைத் தும்பிக்கை போல வளைவு போட்டிருந்தார்.

"பாட்டி, தப்பா எழுதிட்டீங்க!"

"இல்லடி தங்கம், நாங்க படிச்சப்ப இப்படித்தான்."

தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. பிறகு நம் பாடநூல்களுக்கும் இன்றைய வடிவங்கள் வந்தன. இதை மனைவி விளக்கினார். எழுத்துக்கும் வரலாறு உண்டு, அதுவும் மாறியிருக்கிறது என்று பிள்ளைக்கு அன்று தெரிந்தது. பாட்டியின் அட்டை கதவின் மேல் மூலையில் இன்னும் இருக்கிறது. அது மட்டும் டின்னுக்குப் போகாது. நெடுநாள் எழுதாமலிருந்த பாட்டியும் இப்போது பேத்திக்கு வாரம் ஒரு சொல் அனுப்புகிறார்.

"இது பள்ளியின் வேலை இல்லையா?"

நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். பள்ளியின் வேலைதான். ஆனால் ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது விதமான பிழைகள் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் பிழைக்கும் ஒரு சுவர் கட்ட எந்த ஆசிரியராலும் முடியாது. வீட்டில் முடியும். பிரத்தியேக வகுப்பை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் நடக்கும் வகுப்பு, தினமும் கண்ணில் படும் கதவின் வேலையைச் செய்யாது என்கிறேன். கைப்பேசிச் செயலிகளும் அப்படித்தான். சரியான விடையைத் தொட்டால் நட்சத்திரம் தரும். கையால் எழுத வைக்காது.

"எங்களுக்கே தமிழ் எழுதத் தெரியாதே" என்பவர்களுக்கு என் பதில்: அதனால்தான் செய்யுங்கள். பாடநூலோ அகராதியோ பக்கத்தில் இருக்கட்டும். தெரியாததைப் பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். எல்லாம் தெரிந்த அப்பாவைவிட, தன்னோடு சேர்ந்து தடுமாறும் அப்பாவிடம் பிள்ளை பிழையைக் காட்டத் தயங்குவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாதக்கணக்கில் விளையாடியும், எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள தொடர்பே பிள்ளைக்குப் பிடிபடவில்லை என்றால், மூன்று மொழியிலும் அதே சிரமம் என்றால், அதைச் சுவரால் சரிசெய்ய முடியாது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பள்ளிகளுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் இரண்டு வேண்டுகோள். முதலாவது, சொல்வதெழுதுதல் புத்தகத்தில் மதிப்பெண்ணோடு, பிள்ளை எந்த வகையில் தவறுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். 'ல, ள குழப்பம்' என்று இரண்டு சொல் போதும்; வீட்டில் நாங்கள் பார்த்துக்கொள்வோம். இரண்டாவது, தமிழ் படிக்காத பெற்றோருக்காக ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை காலை ஒதுக்குங்கள். இலக்கணம் வேண்டாம். மூன்று ல, மூன்று ந, இரண்டு ர, எங்கே எது என்று சொல்லிக்கொடுங்கள். என்னைப் போன்றவர்கள் முன்வரிசையில் வந்து உட்காருவோம்.

மகள் இப்போது மூன்றாம் ஆண்டு. பத்துக்குப் பத்து வாங்குகிறாள் என்று சொல்ல ஆசைதான், உண்மை அதுவல்ல. ஏழு, எட்டு வருகிறது. சில வாரம் ஐந்தும் வருகிறது. ஆனால் புத்தகம் காலணி அலமாரிக்குப் பின்னால் போவதில்லை. பள்ளி முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துவிட்டு, "அப்பா, இந்த வாரத்துக்கு மூணு சொல் கிடைச்சிருச்சு," என்கிறாள்.

மீதி இரண்டு சொல்லை நான் தருகிறேன். இந்தக் கட்டுரையை நானே தமிழில் எழுதினேன், மனைவி திருத்தினார். எத்தனை பிழை என்று கேட்காதீர்கள். அவற்றில் இரண்டு, என் கையெழுத்தில், மஞ்சள் அட்டையில், இந்த வாரம் அலமாரிக் கதவில் ஏறியிருக்கின்றன.